குரங்கு நம்ம தாத்தா இல்லீங்க, பங்காளி!

போன ஞாயித்துக்கிழமை காலைல எலியட்ஸ் பீச்ல வாக்கிங் முடிச்சுட்டு, கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் பக்கத்துல மூச்சு வாங்க உக்காந்திருந்தேன். கூட எங்க அபார்ட்மெண்ட் மூணாவது மாடி சார். கணக்குல எம்.எஸ்.சி., மத்திய அரசு வேலை, இப்ப ரிட்டயர்ட். பேச்சு எங்கெங்கயோ போயி கடைசியில டார்வின்ல வந்து நின்னுச்சு. சார் ஒரு கேள்வி கேட்டார்:

"ஏம்ப்பா, மனுஷன் குரங்குலேர்ந்து வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு? அதெல்லாம் ஏன் மாறல?"

நான் திருப்பிக் கேட்டேன். "சார், நங்கநல்லூர்ல உங்க பெரியப்பா பையன் இருக்காரே, நீங்க என்ன அவருக்கா பொறந்தீங்க?"

"என்னப்பா உளர்ற? ரெண்டு பேரும் ஒரே தாத்தாவுக்குப் பேரனுங்க."

"அப்புறம் நீங்க பொறந்த பிறகும் அவர் ஏன் இன்னும் நங்கநல்லூர்ல இருக்கார்?"

சார் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் "வா, காபி சாப்பிடலாம்"னு எழுந்துட்டார். :-)

மக்களே, நான் சாரைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதலை. அவர் முட்டாள் இல்லை. எனக்கு வராத இன்டக்ரேஷனை எல்லாம் மனசுலயே போடுற ஆளு. அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் பள்ளிக்கூடத்துல பரிணாமத்தை ஒரு கதையாத்தான் சொன்னாங்க. அதை ஒரு மரமா வரைஞ்சு, "இந்தா, படி"ன்னு யாரும் குடுக்கலை. கோபம் அது மேலதான். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கோபம்தான், பொறுத்துக்கங்க.

ஏணி என்னும் வியாதி

எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும். இடது பக்கம் குனிஞ்ச குரங்கு, அடுத்து கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, அதுக்கடுத்து கையில கல்லோட ஒருத்தன், கடைசியில நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனுஷன். டி-ஷர்ட்ல, விளம்பரத்துல, கார்ட்டூன்ல எங்க பார்த்தாலும் இதேதான். இதோட மூலம் 1965-ல் டைம்-லைஃப் வெளியிட்ட 'ஏர்லி மேன்' புத்தகத்துக்கு ருடால்ஃப் ஸாலிங்கர் வரைஞ்ச மடிப்புப் படம். அதுல மொத்தம் பதினஞ்சு உருவம். ஒண்ணு இன்னொண்ணாச்சு, அது மூணாவதாச்சுன்னு அந்தப் புத்தகம் சொல்லலை. ஆனா வரிசையா நிக்க வெச்சா கண்ணு அப்படித்தானே படிக்கும்?

அந்தப் படம் ஒரு ஏணி. ஏணின்னா கீழ்ப்படி இருக்கும், மேல்படி இருக்கும், உச்சியில யாராவது உக்காந்திருப்பாங்க. எப்பவும் நாமதான். :-)

டார்வின் வரைஞ்சது ஏணி இல்லை. 1837-ல் தன் நோட்டுப்புத்தகத்துல கிறுக்கினது கிளைகிளையா பிரியிற ஒரு மரம். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு படம்தான், அதுவும் கிளைப்படம்தான். மனுஷர் அந்த ஒரே படத்துல சொன்னதை விட்டுட்டு நாம எல்லாரும் டி-ஷர்ட்டைப் படிச்சுட்டு இருக்கோம்.

2018 ஜனவரியில மத்திய இணை அமைச்சரா இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தப்பு, குரங்கு மனுஷனா மாறினதை நம்ம முன்னோர் யாரும் பார்த்ததா சொன்னதில்லைன்னு பேசினது ஞாபகம் இருக்கும். அறிவியல் அகாதெமிகள் மூணும் சேர்ந்து கண்டிச்சு அறிக்கை விட்டாங்க. நாமளும் அவரைப் போட்டுக் கும்மினோம். நல்லாத்தான் கும்மினோம். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அவர் மனசுல இருந்ததும் அதே ஏணிதான். கும்மின நம்மள்ல எத்தனை பேர் மனசுல மரம் இருந்துச்சு?

என்னையே சொல்றேன். என் பொண்ணுக்கு ஏழு வயசிருக்கும்போது வண்டலூர்ல சிம்பன்ஸியைக் காட்டி, "அதுதான் நம்ம தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா"ன்னு சொன்னவன்தான் நான். பெரிய பகுத்தறிவுவாதின்னு நெனப்பு வேற. இன்னிக்கு உயிரோட இருக்கிற சிம்பன்ஸி யாருக்கும் தாத்தா கிடையாது. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாடி இருந்த ஒரு மூதாதைக்கு அதுவும் வாரிசு, நாமளும் வாரிசு. அந்தக் கணுவுல பிரிஞ்ச பிறகு, நாம மாறின அதே காலத்துக்கு அதுவும் மாறிக்கிட்டேதான் வந்திருக்கு. தமிழ்ல இதுக்கு அழகான ஒரு சொல் இருக்கு: பங்காளி.

கத்தரி போட்ட இடம்

இப்ப மேட்டருக்கு வருவோம். என் பொண்ணு சி.பி.எஸ்.இ. அவ பத்தாவது படிச்சப்ப கையில இருந்தது 2023-ல் வந்த 'சீரமைக்கப்பட்ட' என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகம். முன்னாடி 'மரபும் பரிணாமமும்'னு இருந்த பாடம் அதுல வெறும் 'மரபு' ஆயிடுச்சு. கொரோனா காலத்துல பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு ஆரம்பிச்சது, புத்தகத்துலேர்ந்தே எடுக்கிறதுல போய் முடிஞ்சது. 2023 ஏப்ரல்ல பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட எதிர்ப்புக் கடிதத்துல 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்து போட்டாங்க.

பத்திரிகை எல்லாம் "டார்வின் நீக்கம்"னு தலைப்பு போட்டுச்சு. டார்வின் பத்தின பெட்டிச் செய்தி போனது உண்மை. ஆனா எனக்கு வயிறு எரிஞ்சது வேற ஒரு பகுதிக்கு. பரிணாம உறவுகளை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு பகுதி இருந்துச்சு. வகைப்பாட்டுக்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு பகுதி. டி.என்.ஏ.வை வெச்சு சொந்தம் கண்டுபிடிக்கிறது பத்தி ஒரு சின்னப் பெட்டி. எல்லாம் போச்சு. ஒரு மனுஷனோட பேரை எடுத்தா பிள்ளைங்க அதை வேற எங்கயாவது படிச்சுக்கும். மரத்தைப் படிக்கிற வித்தையை எடுத்தா, அதை எங்க போய் கத்துக்கும்?

"பன்னெண்டாவது பயாலஜியில முழுப் பாடமே இருக்கே"ன்னு பதில் சொன்னாங்க. இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா யாருக்கு? பயாலஜி எடுக்கிறவங்களுக்கு. என் பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ். அவ கூடப் படிச்ச பாதிப்பேர் காமர்ஸ். இவங்க எல்லாம் நாளைக்கு நீதிபதி ஆவாங்க, பத்திரிகையாளர் ஆவாங்க, அமைச்சரும் ஆவாங்க. பரிணாமம்னா டி-ஷர்ட் படம்தான்னு நெனச்சுக்கிட்டே ஆவாங்க.

"எங்க சமச்சீர் புத்தகத்துல இருக்கே!"ன்னு இங்க கொஞ்ச பேர் காலரைத் தூக்கி விட்டுக்கிறது தெரியுது. பத்தாம் வகுப்புல 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'னு தனிப் பாடமே இருக்கு, வாழ்த்துகள். எனக்கும் அதுல பெருமைதான். ஆனா எங்க வீட்டுக்கு வந்து சந்தேகம் கேக்குற பையன் ஒருத்தன், லாமார்க்குக்கும் டார்வினுக்கும் வித்தியாசத்தை மூச்சு விடாம ஒப்பிப்பான். ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஸ்பெல்லிங் தப்பாது. அவன்கிட்ட சுறா, வஞ்சிரம், நாய் மூணையும் எழுதிக் குடுத்து, "இதுல எந்த ரெண்டு நெருங்கின சொந்தம்?"னு கேட்டேன். "சுறாவும் வஞ்சிரமும் அங்கிள், ரெண்டும் மீன்"னுட்டான்.

தப்பு. வஞ்சிரம் சுறாவை விட நாய்க்குத்தான் நெருங்கின சொந்தம். நமக்கும்தான். பாடம் புத்தகத்துல இருக்கு, பையனுக்கு மார்க்கும் இருக்கு, மரம் மட்டும் இல்லை.

மீன் கடையில ஒரு மரம்

எப்படி வஞ்சிரம் நமக்குச் சொந்தம்னு கேப்பீங்க. சமையல்கட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். சுறா புட்டு பண்ணினவங்களுக்குத் தெரியும், சுறாவை வேகவெச்சு உதிர்த்தா கையில குத்துற முள் கிடையாது. உள்ளே இருக்கிறது குருத்தெலும்பு. வஞ்சிரத்துக்கு நடுமுள் இருக்கு, அது நிஜ எலும்பு. நாய்க்கும் எலும்பு, காக்காவுக்கும் எலும்பு, ஆமைக்கும் எலும்பு.

அந்தப் பையனை உக்கார வெச்சு ஒரு கட்டம் போடச் சொன்னேன். ஒரு பக்கம் பெயர்கள்: நண்டு, சுறா, வஞ்சிரம், ஆமை, காக்கா, நாய். மேல குணங்கள்: முதுகெலும்பு இருக்கா? முள் நிஜ எலும்பா? நாலு கால் இருக்கா (இறக்கையும் கால்தான்)? இருந்தா 1, இல்லாட்டி 0. நண்டுக்கு எல்லாமே 0. அது வெளியாள், ஒப்பிட்டுப் பார்க்க வேணும். நாலு காலுள்ளது மூணும் ஒரு கொத்து. அதோட வஞ்சிரத்தைச் சேர்த்தா எலும்புள்ளது ஒரு பெரிய கொத்து. அதோட சுறாவைச் சேர்த்தா முதுகெலும்புள்ளது. கொத்துக்குள்ள கொத்து. பையனே பென்சிலால கோடு இழுத்தான். மரம் வந்துடுச்சு. டி.என்.ஏ. சொல்றதும் அதே மரத்தைத்தான். பத்து நிமிஷம்கூட ஆகலை.

அடுத்ததுதான் சுவாரசியம். ஆமை, காக்கா, நாய் மூணுல எந்த ரெண்டு சேரும்? "ஆமையும் காக்காவும் அங்கிள். ரெண்டும் முட்டை போடும்"னான்.

விடை சரி. காரணம் தப்பு! வஞ்சிரமும்தான் முட்டை போடுது. முட்டை போடுறது பரம்பரைப் பழைய சொத்து, எல்லார் வீட்டுலயும் இருந்தது. நாய் வம்சம் பின்னாடி அதை விட்டுடுச்சு, அவ்வளவுதான். எல்லார்கிட்டயும் இருந்த பழைய பாத்திரத்தைக் காட்டி "நாங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி"ன்னு சொல்ல முடியுமா? ஒரு குறிப்பிட்ட தாத்தா காலத்துல புதுசா வந்து, அவர் வாரிசுகள்கிட்ட மட்டும் இருக்கிற சொத்துதான் சாட்சி. பொதுவான *புது* மாற்றம்தான் உறவைக் காட்டும், வெறும் ஒத்துமை காட்டாது. இந்த ஒரு வாக்கியம் புரிஞ்சா பாதி பாடம் முடிஞ்சது.

ஆமைன்னதும் நம்ம பீச் ஞாபகம் வருது. ஜனவரிலேர்ந்து சித்தாமைங்க முட்டையிட வர்ற சீசன். 1988-லேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்புக்காரங்க ராத்திரி ராத்திரி நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து முட்டைகளைச் சேகரிச்சுக் காப்பாத்துறாங்க. அந்த நடையில நானும் போயிருக்கேன். அந்த ஆமைக்கு யார் சொந்தம்? பார்த்தா பல்லி, ஓணான் மாதிரிதானே இருக்கு? 2012-ல் வந்த மரபணு ஆய்வுகள் வேற சொல்லுது. ஆமைக்கு நெருங்கின பங்காளி பல்லி இல்லை. முதலையும் பறவையும் சேர்ந்த கொத்துதான். அதாவது விடியக்காலையில ஆமைக்குஞ்சைக் கொத்த வர்ற காக்கா, சுவத்துல இருக்கிற பல்லியை விட அந்தக் குஞ்சுக்கு நெருங்கின உறவு. பங்காளிச் சண்டைன்னா இதுதான் போல.

படிக்கவும் தெரியணும்

கட்டுறது ஒரு பக்கம். யாரோ கட்டின மரத்தைப் படிக்கிறது இன்னொரு பக்கம். அதுல நம்மாளுங்க வழக்கமா வழுக்கி விழுற இடம் மூணு.

ஒண்ணு, நுனியில எழுதின பேரையெல்லாம் இடமிருந்து வலமா படிச்சு, கடைசியில இருக்கிறவன்தான் உசத்தின்னு முடிவு கட்டுறது. தொட்டிலுக்கு மேல பொம்மை தொங்க விடுவோமே, அதைச் சுத்தி விட்டா பொம்மைங்க இடம் மாறும், கட்டின கயிறு மாறுமா? மரமும் அப்படித்தான். எந்தக் கணுவுலயும் கிளைகளைத் திருப்பிப் போடலாம். மனுஷனை நடுவுல போடுங்க, நண்டை வலது ஓரத்துல போடுங்க, உறவு ஒண்ணும் மாறாது.

ரெண்டு, நுனியில பக்கத்துல பக்கத்துல எழுதியிருந்தா நெருங்கின சொந்தம்னு நெனக்கிறது. பக்கத்து ஃபிளாட்டுல இருக்கிறவர் சொந்தக்காரர் ஆயிடுவாரா? ரெண்டு நுனியிலேர்ந்தும் கிளை வழியா இறங்கி வாங்க. எந்தக் கணுவுல சந்திக்குதுன்னு பாருங்க. அந்தக் கணு எவ்வளவு சமீபமோ, அவ்வளவு நெருக்கம்.

மூணு, ஒரு நுனியை இன்னொரு நுனிக்கு அப்பான்னு சொல்றது. மூதாதை கணுவுல இருக்கார். நுனியில இருக்கிறவங்க எல்லாரும் வாரிசுங்க. மூணாவது மாடி சாரோட கேள்வி பிறந்த இடம் இதுதான்.

சுவடியும் சொல்லும் அதையே

"இதெல்லாம் சயின்ஸ்காரங்களுக்கு, எனக்கெதுக்கு"ன்னு நம்ம இலக்கியப் பதிவர்கள் நழுவுறது தெரியுது. நில்லுங்க. எங்க ஏரியாவுலயே, அருண்டேல் பீச் ரோட்டுல உ.வே.சாமிநாதையர் நூலகம் இருக்கு. 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில தொடங்கினது. அய்யர் ஊர் ஊரா அலைஞ்சு சேர்த்த சுவடிகள் அங்கதான் இருக்கு. ஒரே நூலுக்குப் பல சுவடி, ஒவ்வொண்ணுலயும் பாடபேதம். ஏன் பேதம்? ஓலை செல்லரிக்கும், புதுசா ஒருத்தர் பார்த்து எழுதுவார், எழுதும்போது தப்பு பண்ணுவார். அந்தத் தப்பை அடுத்தவர் அப்படியே காப்பி அடிப்பார். தப்பு பரம்பரையா இறங்கும். டி.என்.ஏ.வும் இதையேதான் பண்ணுது.

போன மே மாச லீவுல எங்க மொட்டை மாடியில பிள்ளைங்களை வெச்சு இதை நடத்திப் பார்த்தேன். பத்து வரியில ஒரு சின்னப் பத்தி எழுதினேன்: ஒரு பாட்டி சைக்கிள்ல ஊரூர் குப்பம் போயி வஞ்சிரம் வாங்கின கதை. அதை ரெண்டு பேர் பார்த்து எழுதினாங்க. அந்த ஒவ்வொண்ணையும் பார்த்து இன்னும் ரெண்டு ரெண்டு பேர். வேகமா எழுதணும், திருத்தக்கூடாது. கடைசி நாலு பேப்பரை மட்டும் கலைச்சு, வேற ஒரு கூட்டத்துக்கிட்ட குடுத்து, "யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு கண்டுபிடிங்க"ன்னேன்.

ரெண்டு பேப்பர்ல வஞ்சிரம் 'வஞ்சகம்' ஆகியிருந்தது. பாட்டி ரெண்டு கிலோ வஞ்சகம் வாங்கிட்டு வீட்டுக்குப் போறாங்க! அதே ரெண்டு பேப்பர்லயும் ஆறாவது வரி மொத்தமா காணோம். "இது ரெண்டும் ஒரே அம்மாவுக்குப் பொறந்தது"ன்னு உடனே சொல்லிட்டாங்க. ஆனா ஒரு சிக்கல். அந்த ரெண்டுல ஒண்ணுலயும், மத்த ரெண்டுல ஒண்ணுலயும் 'சைக்கிள்' 'சைக்கில்'னு இருந்துச்சு. அப்ப இது ரெண்டும் சொந்தமா? கொஞ்ச நேரம் சண்டை. அப்ப பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு:

"ல-ள தப்பை எல்லாரும் தனித்தனியாவே பண்ணுவோம் அங்கிள். அதெல்லாம் சாட்சி ஆகாது. ஒரு வரி ஃபுல்லா விடுறதை எல்லாரும் பண்ண மாட்டாங்க."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. வௌவாலுக்கும் காக்காவுக்கும் இறக்கை இருக்கே, ரெண்டும் சொந்தமான்னு கேட்டா பதில் இதுதான். பறக்க வேண்டிய அவசியத்துல தனித்தனியா வந்த 'சைக்கில்' அது. பழைய ஓலைகள்ல காலும் ரகரமும் ஒண்ணு போலவே இருக்கும், புள்ளியும் வைக்க மாட்டாங்க. அதனால அந்த மாதிரித் தப்பு எவர் கையிலயும் தனியா வரும், அதை வெச்சு ரெண்டு சுவடியைச் சொந்தமாக்க முடியாது. பத்து வயசுப் பொண்ணு அரை மணி நேரத்துல தானாப் பிடிச்சதை, "பத்தாவது பிள்ளைகளுக்குச் சுமை"ன்னு சொல்லி வெட்டினா, சுமை யாருக்குன்னு நான் கேப்பேன்.

இப்ப அடி வாங்கப் போற இடம்

இதுவரைக்கும் தலையாட்டினவங்க எல்லாம் இங்க கல்லெடுப்பீங்க, தெரிஞ்சேதான் எழுதுறேன். "தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் தமிழுக்குப் பிறந்த குழந்தைகள்"னு வருஷத்துக்கு நாலு பதிவு வருது. அதுவும் அந்தக் குரங்குக் கேள்வியும் ஒரே தப்புங்க. ஒரு நுனியை இன்னொரு நுனிக்கு அம்மா ஆக்குற தப்பு.

மலையாளத்தை விடுங்க. அது பிரிஞ்ச கணு ரொம்பச் சமீபம். அந்தக் கணுவுல இருந்த மொழியைத் தமிழ்னு கூப்பிட்டா நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா தெலுங்கு? தெலுங்குக்கு நெருங்கின உறவு கோண்டி, குயி மாதிரி மொழிகள். நாம 'உரல்'ங்கிறதை தெலுங்குக்காரர் 'ரோலு'ங்கிறார். முன்னாடி இருந்த உயிரும் மெய்யும் இடம் மாறின இந்த வகை மாற்றம் அந்தக் கூட்டத்தோட அடையாளம். பொதுவான புது மாற்றம், அவங்க வீட்டுப் பங்காளிச் சொத்து. நமக்கும் அவங்களுக்கும் பொதுவான கணுவுல இருந்தது இன்றைய தமிழும் இல்லை, இன்றைய தெலுங்கும் இல்லை. அதனால தமிழோட பழமைக்கு ஒரு குறையும் வராது. ஈராயிரம் வருஷ எழுத்துச் சான்று நம்மகிட்ட இருக்கு, பெருமைப்படுவோம். மூத்த அக்காவா இருக்கிறதுல என்ன கேவலம்? அம்மாவா இருந்தாத்தான் மரியாதையா?

வேடிக்கை என்னன்னா, இந்த மொழி மரத்தோட விதை விழுந்ததே இந்தச் சென்னையிலதான். 1816-ல் இங்க கலெக்டரா இருந்த எல்லிஸ், தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்ததில்லை, தனிக் குடும்பம்னு ஆதாரத்தோட எழுதினார். 1856-ல் கால்டுவெல்லோட ஒப்பிலக்கணம். 2018-ல் உயிரியல்காரங்க மரம் கட்டுற அதே கணக்குமுறையை இருபது திராவிட மொழிகள் மேல போட்டு, குடும்பத்தோட வயசு சுமார் 4500 வருஷம்னு ஒரு ஆய்வு வந்துச்சு. ஓலை, மொழி, ஆமை எல்லாத்துக்கும் ஒரே வித்தைதான்.

சரி, தெரியாட்டி என்ன குடி முழுகிடும்?

முழுகும். 2021 கடைசியில ஒமிக்ரான் வந்தப்ப, "டெல்டா மாறி ஒமிக்ரான் ஆயிடுச்சு, ஒவ்வொண்ணும் முன்னதை விட முன்னேறிக்கிட்டே போகுது"ன்னு எத்தனை வாட்ஸப் வந்துச்சு? மறுபடியும் ஏணி. ஒமிக்ரான் டெல்டாவுக்குப் பொறந்ததில்லை, வேற கிளை. மரம் இணையத்துல எல்லார் பார்வைக்கும் கிடந்துச்சு. படிக்கத்தான் ஆளில்லை.

இன்னும் ஒண்ணு. லிபியாவுல பெங்காசி ஆஸ்பத்திரியில 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வந்துச்சு. வேணும்னே பரப்பினாங்கன்னு அஞ்சு பல்கேரிய நர்ஸுகளையும் ஒரு பாலஸ்தீன டாக்டரையும் உள்ளே போட்டாங்க. 2006 டிசம்பர்ல, அந்தக் குழந்தைகள் உடம்புல இருந்த வைரஸ்களை வெச்சு விஞ்ஞானிகள் ஒரு மரம் கட்டி வெளியிட்டாங்க. இவங்க 1998 மார்ச்ல அங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்த வைரஸ் கிளை பிரிஞ்சு பரவ ஆரம்பிச்சிருந்ததுன்னு மரம் காட்டுச்சு. அதே மாசம் கோர்ட்டு மரண தண்டனையை உறுதி பண்ணுச்சு. நாடுகள் எல்லாம் தலையிட்டு 2007 ஜூலையிலதான் அவங்க வீடு போய்ச் சேர்ந்தாங்க. ஒரு மரத்தை மதிக்காததோட விலை ஆறு உயிரா இருந்திருக்கும்.

அதனாலதான் சொல்றேன். பரிணாமப் பாடம் பயாலஜி எடுக்கிறவனுக்கான சலுகை இல்லை. வட்டி கணக்கு மாதிரி, வரைபடம் பார்க்கிறது மாதிரி, பத்தாவது முடிக்கிற எல்லாருக்கும் வேணும். அதுவும் ஒப்பிக்கிற பாடமா இல்லை. பரீட்சையில ஒரே ஒரு கேள்வி போதும்: "இதோ கட்டம், மரத்தைக் கட்டு. எந்த ரெண்டு நெருக்கம்? ஏன்?" டெல்லிக்காரர் எடுத்ததைத் திருப்பி வைக்கட்டும். நம்ம ஊர்க்காரர் வெச்சிருக்கிறதை ஒப்பிக்க விடாம கையில பென்சில் குடுக்கட்டும். ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கேஸ் இருக்கு.

அது நடக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம் மக்களே. இந்த வாரம் மீன் வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கட்டம், ஒரு பென்சில். அம்புட்டுதான்.

என் பொண்ணு காலேஜ்லேர்ந்து லீவுக்கு வந்தப்ப இந்த மொட்டை மாடிக் கதையைச் சொன்னேன். நாலு பேப்பரையும் வாங்கிப் பார்த்தா. சிரிச்சா. அப்புறம் கேட்டா: "ஏம்ப்பா, அன்னிக்கு ஜூவுல அது தாத்தான்னு சொன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேம்மா. பங்காளி."

பத்து வருஷத்துக்கு மேல லேட்டு. இருந்தாலும் சொல்லிட்டேன்.

டிஸ்கி: மூணாவது மாடி சார் நேத்து லிஃப்டுல பிடிச்சுக்கிட்டார். "அது சரிப்பா, அப்ப அந்தப் பொதுத் தாத்தா பார்க்க எப்படி இருந்திருப்பார்?"ன்னார். பாருங்க, இது கேள்வி! ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டுப் போறேன்.